அரக்கு

கோஸ்தியில் ஏற்றும்போதே சொன்னார்கள்:
அரக்கு உடைந்தால் பரீட்சை இல்லை.
ஒரே ஒரு தகரப் பெட்டி.
வெங்காய மூட்டைகளுக்கு அடியில் ஒளித்தேன்.
நான்காம் வகுப்போடு நின்றவன் நான்.
உள்ளே என்ன கேட்டிருக்கிறார்களோ,
எனக்குத் தெரிந்த கேள்விகள் இரண்டு:
டீசல் எங்கே கிடைக்கும்,
எந்தப் பாலம் இன்னும் நிற்கிறது.

தந்தல்தி தாண்டி மறித்தார்கள்.
மூட்டைகளை உருட்டிப் பெட்டியைக் கண்டார்கள்.
"தங்கமா?"
"கேள்வித்தாள்."
சிரித்தார்கள். ஒருவன் சிரிக்கவில்லை.
மீசை இப்போதுதான் நிழலிடுகிற முகம்.
துப்பாக்கிமுனைக் கத்தியை அரக்கில் வைத்தான்.

"உடைக்காதே தம்பி. உம் ருவாபாவில்
நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்,
பாதிப்பேர் நடந்தே வந்தவர்கள்,
பருத்திக் கிட்டங்கியில் நாளை உட்காரப் போகிறார்கள்."

கத்தி அங்கேயே நின்றது.
"யாப்புக் கேள்வி இன்னும் வருகிறதா?"
எனக்கென்ன தெரியும்.
"ஒரு வரி கொடுத்துச் சீர் பிரிக்கச் சொல்வார்களே,
அதில் எனக்கு முழு மதிப்பெண் வரும்.
பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தபோது
ஊர் எரிந்தது."
துப்பாக்கிக் கட்டையில் விரலால் தட்டினான்:
ஃபஊலுன் மஃபாஈலுன்
ஃபஊலுன்
நின்றுவிட்டான்.
மறுபடி முதலிலிருந்து.
மறுபடி அதே இடத்தில் வழுக்கியது.
பாலத்தைத் தின்றது தெரியும், மருத்துவமனையைத் தின்றது தெரியும்;
போர் ஒரு சீரைத் தின்றதை
அன்றுதான் பார்த்தேன்.

வண்டியின் பின்னால் தேநீர்க்காரி சித்தனா
கண்ணாடித் தம்ளரில் கரண்டியால் தட்டி
"மஃபாஈலுன்" என்றாள்.
எல்லோரும் திரும்பினோம்.
"என்ன பார்க்கிறீர்கள்?
மூன்று தடவை எழுதித் தோற்றவள்.
எப்படி மறக்கும்?"

வெங்காயம் மூன்று மூட்டை போயிற்று.
பெட்டி போகவில்லை.

ஆறு நாள் கழித்து விடைத்தாள்களோடு திரும்பினேன்.
அதே பெட்டி, தூக்கும்போது கனத்தது.
மைக்கு எடை உண்டா என்று சித்தனாவைக் கேட்டேன்.
அது அறிவியல் தாளில் வரும்,
அதிலும் தோற்றேன் என்றாள்.

தந்தல்தியில் வேறு ஆட்கள்.
அவனை விசாரிக்கப் பெயர் தெரியாது.
சாவடியின் எண்ணெய்ப் பீப்பாயில் மட்டும்
கரித்துண்டால் யாரோ எழுதியிருந்தார்கள்,
கோடும் சுழியும், கோடும் சுழியுமாய்
ஒரு முழு வரி.

சித்தனா எட்டிப் பார்த்தாள்.
"மூன்றாவது சீரில் ஒரு சுழி விட்டுப்போயிருக்கிறது.
நிறுத்து, போட்டுவிட்டு வருகிறேன்."

அங்கே நிறுத்த முடியாது.