மறுமதிப்பீடு

சம்மாந்துறை அரிசி ஆலையில் எனக்கு
நெல்லின் ஈரம் பார்க்கிற வேலை.
ஒரு பிடி அள்ளிக் கருவிக்குள் போட்டு
இலக்கம் வரும்வரை நிற்பேன்.
பதினாலு வீதம் என்றால் நல்ல விலை.
பதினெட்டு என்றால்
கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்காமல்
மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பேன்.
வீதம் என்றால் என்னவென்று
யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவரின் தொடையில் நெல்லிக்காய் அளவில் வந்தது.
மறுகா மாங்கொட்டை.
மகரகமவில் வெட்டினார்கள்.
டொக்டர் அதன் பெயரைத் துண்டில் எழுதித் தந்தார்,
ஒரு வரி முழுக்க ஒரே சொல்.
பத்து லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் வருமாம்.
"அப்ப நான் லொத்தர் எடுத்திருக்கலாமே" என்றார் இவர்.
டொக்டருக்குத் தமிழ் தெரியாது.
நான் மட்டும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாக.

அம்பாறையில் மருத்துவச் சபை.
"உதுமாலெப்பே" என்று கூப்பிட்டார்கள்.
மூன்று பேர், ஒரு மின்விசிறி, ஓர் அட்டவணை.
பெருவிரலுக்கு இத்தனை, ஒற்றைக் கண்ணுக்கு இத்தனை,
முழங்காலுக்குக் கீழே போனால் ஒன்று, மேலே போனால் இன்னொன்று.
இறைச்சிக் கடை முபாரக் காக்காகூட
இவ்வளவு திட்டமாய்ப் பிரிக்கமாட்டார்.
இந்த நோய்க்கு அதில் வரி இல்லை.
எழுதுவினைஞரின் விரல் மேலிருந்து கீழே இறங்கி
"வேறு" என்ற சொல்லில் நின்றது.

சேவையால் வந்ததா என்றார்கள்.
பதினொரு வருடம் ஊர்காவல்.
வயல் எல்லையில் மண் மூட்டைக்குப் பின்னால்,
நுளம்புக்கு டயர் எரித்து,
கிருமிநாசினிப் பீப்பாயைக் கழுவி
அதிலேயே குளிக்கத் தண்ணீர் பிடித்து.
சாட்சி?
உகனையிலிருந்து தர்மதிலக்க வந்தார்,
இரண்டு பஸ் மாறி, வெள்ளைச் சட்டை போட்டு.
அதே பீப்பாயில் தானும் குளித்தேன் என்றார்.
உமக்கு ஒன்றும் வரவில்லையே என்றார்கள்.
வராமல் போனதற்கு வெட்கப்பட்டவர் போல
தலைகுனிந்து நின்றார் அந்த மனிதர்.

நாற்பது வீதம் தந்தார்கள்.
அதில் மகரகமவுக்குப் பஸ் காசு,
வலிக்கு மருந்து,
மகள் றிஸ்லாவின் கணித வகுப்பு.
மிச்சம் என்று ஒன்று இருந்ததில்லை,
குறை என்றும் சொல்லமாட்டேன்.

மூன்றாம் வருடம் ஸ்கேன் தெளிவாய் வந்தது.
ஒன்றுமில்லை. எங்கும் இல்லை.
பள்ளிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன்.
நாலு மாதம் கழித்துக் கடிதம்:
மறுமதிப்பீட்டின்படி பதினைந்து.

படி ஏற இடது காலைக்
கையால்தான் தூக்கி வைக்கிறார் இன்னும்.
தொழுவது கதிரையில்.
ஸ்கேன் நாள் நெருங்கினால் ஒரு கிழமை சோறு இறங்காது.
அதை எந்தக் கருவிக்குள் போட்டு
இலக்கம் வரும்வரை நிற்பது?

ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு
துஆவுக்குக் கையேந்தி இருக்கிறேன்.
உள்ளே ஒரு கணக்கு தானாக ஓடுகிறது.
திரும்பி வந்தால் அறுபது.
நுரையீரலுக்குப் போனால் நூறு.
கையைப் படக்கென்று மூடினேன்.
யா அல்லாஹ், நான் ஒன்றும் கேட்கவில்லை,
அது கேள்வி இல்லை.
இதை இவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் லொத்தர் கதைதான் சொல்லுவார்.

மேன்முறையீட்டுக்கு முப்பது நாள்.
படிவத்தில் ஐந்தாவது கேள்வி:
நிலைமை முன்னரைவிட மோசமடைந்துள்ளதா?
ஆம், இல்லை, இரண்டு பெட்டி.
பேனையை என் கையில் தந்துவிட்டு
மழை வரப்போகுது, ஆட்டைக் கட்டவேணும் என்று
காலை இழுத்துக்கொண்டு வெளியே போனார்.