கல் விலை

கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் கீழ்
புல் பிடிக்கவில்லை.
இரண்டு தரம் வைத்தேன்,
இரண்டு தரமும் வெளுத்து, பிறகு வெறும் மண்.

வீட்டுக்காரர் ரொறன்ரோவிலிருந்து
படம் அனுப்பினார்: சிவப்பு இன்ரலொக் கல்.
"பதிச்சு விடுங்கோ சுகிர்தா, கூட்டுறது சுகம்."

நான் பட்டிப்பூ வைத்தேன்.
கோண்டாவில் சந்தியில்
வாய்க்கால் சீமெந்து வெடிப்பில் நின்றது;
பிடுங்கும்போது ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

நிழலில் அது அரைமனதாய்த்தான் பூக்கிறது.
வெயில் தேடி மதிலோரம் நீளும்.
நுனி கிள்ளினால்
கோபித்துக்கொண்டு பக்கவாட்டில் படரும்.
ஆடு முகர்ந்துவிட்டுப் போகும்.

நேற்றிரவு ஐப்பசி மழை.
முற்றத்துத் தண்ணீர் ஒழுங்கைக்கு ஓடவில்லை.
இலைகளுக்கடியில் கொஞ்சம் நின்று
கிணற்றுப் பக்கமாய்
இறங்கிப் போனது.

வாடகை தை வரைக்கும்தான்.
அவருக்கு இன்னும் படம் அனுப்பவில்லை.
கல் விலை விசாரிக்கிறேன்
என்று சொல்லியிருக்கிறேன்.