மூன்று முட்டையின் ஓடு

வட அல்பேனியா, 1974

வெங்காயச் சருகு போட்டு அவித்தேன்,
நள்ளிரவில், சன்னலுக்குக் கம்பளி கட்டி.
மூன்று முட்டை. ரேஷனில் ஒன்று, கடன் இரண்டு.
சிவப்பென்று சொல்ல முடியாது,
துருப்பிடித்த ஆணியின் நிறம்.
போதும் ஆண்டவரே,
ஆணி உமக்குத் தெரியும்.

மகனை எழுப்பித் தின்னக் கொடுத்தேன்.
பள்ளிப் பதிவேட்டில் அவன் இலிர்;
இந்தப் போர்வைக்குள் மட்டும் ஸெஃப்.
அப்பாவின் பங்கையும் அவனே தின்றான்.
காலையில் ஆசிரியை
ஒவ்வொரு கையாய் முகர்ந்து பார்ப்பாள்,
நகக்கண்ணைத் திருப்பிப் பார்ப்பாள்.
சாம்பல் தேய்த்துக் கழுவினேன்,
அவன் அழும்வரை கழுவினேன்.

முட்டை உள்ளே போய்விட்டது.
ஓடு?
அடுப்பில் போட்டால் நாற்றம் மாடியேறும்;
மேல்வீட்டு மூக்கு கட்சிக்கு வாக்கப்பட்டது.
குப்பையைக் கிளற ஆள் உண்டு.
திரின் ஆற்றுப் பாலத்தில் காவல்.
ஒரு பிடி ஓட்டுக்கு
இந்த நாட்டில் இடமில்லை.
சிலுவை போட்ட கைக்காக
என் நிக்கோல் செம்புச் சுரங்கத்தில்
ஆறாவது வருஷம் கல்லுடைக்கிறான்.

அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டேன்,
விடியுமுன் வாசனைத் தைலத்தோடு போனவர்களை.
வழியெல்லாம் ஒரே பேச்சாயிருந்திருக்கும்:
அவ்வளவு பெரிய கல், யார் புரட்டுவார்?
ஒருத்திக்கும் பதில் தெரியாது.
ஒருத்தியும் திரும்பவில்லை.
காசு கொடுத்து வாங்கிய தைலம் வீணாகுமே
என்றாவது நடந்திருப்பார்கள்.

ஓட்டைக் காலணிக்குள் போட்டுக்கொண்டு
ஆறு மணி வேலைக்குப் போனேன்.
நடக்க நடக்கக் குத்தியது.
குன்றுச் சரிவில் பதுங்கு அரண் கட்டுகிறோம்.
பகைவர் வருவார்களாம்,
வருஷா வருஷம் வருவார்களாம்.
கலவை என் பொறுப்பு.
மேஸ்திரி குயிதிம்
சிகரெட் பற்றவைக்கத் திரும்பிய நேரம்
காலணியைக் கழற்றி,
கல் உதறுவதுபோல் உதறினேன்.
மணல், ஜல்லி, சிமெண்ட்,
பாஸ்கா.
மண்வெட்டியால் இரண்டு புரட்டு.

"என்ன அது, செக்கச்செவேலென்று?"
"செங்கல் தூள்" என்றேன்.
பொய்தான்.
பாவசங்கீர்த்தனம் கேட்க
இந்தப் பக்கம் குருவானவர் ஒருவரும் மிச்சமில்லை,
நீரே குறித்துக்கொள்ளும்.

குண்டு துளைக்காதாம் அந்தச் சுவர்.
நூறு வருஷம் நிற்குமாம்.
நிற்கட்டும்.

அடுத்த வருஷத்துக்கான வெங்காயச் சருகை
இன்றைக்கே சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.