மூன்று கோட் சாம்பல்

டர்பன். சந்தைக்குப் பின்னால்
பாலத்தடிச் சுவர்.
வெள்ளி இரவு நானும் நொக்வாசியும் அடித்த சிவப்பை
திங்கள் காலை முனிசிபாலிட்டி ரோலர் தின்றுவிடும்.

ரோலர்காரர் ஒருநாள்
என் ஸ்கேட்போர்டைக் காலால் நிறுத்திச் சொன்னார்:
"சிவப்பு வேண்டாம் பிள்ளைகளா,
மூன்று கோட் போட்டாலும்
கீழேயிருந்து முறைக்கிறது.
முதுகு எனக்குத்தானே வலிக்கிறது."

ஜூன். மத்தி கரையேறியது,
ஊரே வாளியோடு ஓடியது.
தேவஷன் மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றான்:
"இது மீன் நிறம்டி."

அன்றிரவு சாம்பலைத் தொடவில்லை.
வெள்ளையில் கண்கள் மட்டும் வைத்தோம்,
நானூற்றுச் சொச்சம்.

திங்கள் வந்தார். டின்னைத் திறந்தார்.
எதை அழிப்பது?
எல்லாம் அவரே அடித்த மீன்.

மூடியை மறுபடி அமுக்கிவிட்டு
நெருப்புப்பெட்டி இருக்கிறதா என்றார்.