பதினோரு பெட்டிகள்

தார் முடிந்து சரளை தொடங்கும் முக்கில்
ஒரே பலகையில் பதினோரு தபால் பெட்டிகள்.
விதிப்படி என் வேலை அங்கேயே முடிகிறது.
ஆனாலும் உள்ளே போகிறேன்:
ஹெல்யுவுக்கு மருந்து,
அவள் நாய்க்கு என் ரொட்டியின் ஓரம்.

அக்டோபர் கடைசி. எஸ்தோனியாவின் தெற்கு மூலை.
நேற்றிரவுக் காற்றில் பிர்ச் மரங்கள்
பாதி மஞ்சளைக் கைவிட்டிருந்தன.
வைப்பர் தள்ளத் தள்ள
ஒரே ஒரு இலை மட்டும் போக மறுத்து
கண்ணாடியோடு பத்து கிலோமீட்டர் வந்தது.
முகவரி இல்லாத தபால். வரட்டும்.

கொக்குகள் போய் இரண்டு வாரம்.
போகிற அன்று வானம் முழுக்க
துருப்பிடித்த கீல்களின் சத்தம்;
மறுநாள் யாரோ எண்ணெய் விட்டுவிட்டார்கள்.

புதருக்குள்ளிருந்து ஒரு முதுகு எழுகிறது.
மைரே, கூடை நிறையக் காளான்.
எங்கே கிடைத்தது என்றால்
நான்கு திசையையும் காட்டுகிறாள்.
பிரசவ வலியில் கேட்டாலும்
இங்கே யாரும் அந்த இடத்தைச் சொல்லமாட்டார்கள்.

ரீஹோவின் வேலிமேல் மரம் விழுந்திருந்தது.
வேர் இவன் பக்கம்,
தலை வம்போலாவின் உருளைக்கிழங்குப் பாத்தியில்.
ஏழு வருஷமாகப் பேச்சில்லை இருவருக்கும்.
ஒரு வேட்டைநாய் செத்தது. எப்படி என்று
எனக்குத் தெரியும்.
தபால்காரருக்குத் தெரிவதெல்லாம் தபால் அல்ல.

ஆளுக்கொரு முனையிலிருந்து அறுத்து வந்தார்கள்.
நான் திரும்பும்போது
நடுவில் ஒரு மீட்டர் மிச்சம்.
ரீஹோவின் ரம்பம் இருமியது, நின்றது.
வம்போலா பெட்ரோல் கேனை
அந்த மிச்சத் தண்டின்மேல் வைத்துவிட்டுத்
திரும்பி நின்று சிகரெட் பற்றவைத்தான்.
காற்றே இல்லை. ஆனாலும்
ஐந்து தீக்குச்சி தேவைப்பட்டது அவனுக்கு.

அவ்வளவுதான்.
கைகுலுக்கல் எல்லாம் கிடையாது.
மறுநாளும் அந்த ஒரு மீட்டர் வேலிமேல் கிடந்தது,
அதன்மேல் கேன்.
இறங்கித் தூக்கிப் பார்த்தேன் (பார்க்கக் கூடாதுதான்):
விளிம்புவரை நிரப்பியிருந்தது.

ஐந்து மணிக்கே இருட்டு.
சௌனாப் புகை மேலே ஏறாமல்
ஊசியிலை மரங்களின் இடுப்பில் படுத்திருக்கிறது.
அடுக்கிய விறகின் வாசனை
வீட்டுக்கு வீடு வேறு:
ஹெல்யு வீட்டில் ஆல்டர், கொஞ்சம் ஈரம்;
அவளிடம் சொல்லவேண்டும்.

பதினோராவது பெட்டிக்கு ஆள் இல்லை.
மூடியைத் திறந்தால் ஹேசல் கொட்டைகள்.
போன மாதத் தேர்தல் துண்டறிக்கையை
ஓர் எலி நார்நாராகக் கிழித்து
மெத்தை செய்திருக்கிறது;
வேட்பாளரின் பல்வரிசை மட்டும் முழுதாக.

இன்று கம்பளிக் கடை விளம்பரம் ஒன்று வந்தது,
'வீட்டில் வசிப்பவருக்கு' என்று.
போட்டேன்.