வால்டர் கொவாலுக், வயது எண்பத்திரண்டு

சாஸ்கட்டூனில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
எட்டாம் எண் அறையில் நான் வால்டர் கொவாலுக்.
கோதுமை விவசாயி. மனைவி தவறிவிட்டாள்.
என் நிறத்துக்கும் அந்தப் பெயருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது;
ஒரு மாணவர்கூட இதுவரை புருவம் உயர்த்தியதில்லை.
பரீட்சை என்றால் எதையும் நம்புவார்கள்.

மணிக்கு இருபத்தாறு டாலர், மதியம் ஒரு சாண்ட்விச்,
அறுபத்துநாலு வயது அருமைநாயகம்
பதினெட்டு வருடம் முன்கூட்டியே கிழவனாவதற்கு.
கார்டிகன் கல்லூரியுடையது.
ஒரு பொத்தானை மாற்றிப் பூட்டவேண்டும் என்பது விதி.
இப்போதெல்லாம் அது தானாகவே அமைந்துவிடுகிறது.
நடிப்பு கைவந்துவிட்டதென்று நினைத்திருந்தேன்.

நாலு பக்கம் மனப்பாடம்.
இரண்டு முறை விழுந்ததைக் கேட்டவுடன் சொல்லலாம்.
மூன்றாவது, குளியலறைத் தரையில் விடியும்வரை கிடந்தது,
மறுபடி கேட்டால் மட்டும்.
ஷூப் பெட்டிக்குள் பதினோரு மாத்திரைப் புட்டிகள்;
அதில் இரண்டு செத்துப்போனவளுடையவை என்பது
பெட்டியைத் திறக்கிறவருக்கே தெரியும்.
கடைசிப் பக்கத்தின் அடியில், சாய்வெழுத்தில்:
மாணவர் பத்து விநாடி பேசாமல் இருந்தால்
'ராத்திரி பயமாயிருக்கிறது' என்று சொல்லவும்.

மூன்று வருடத்தில் அந்த வரியை
நாலு தடவைதான் சொல்லியிருக்கிறேன்.

மணி அடிக்கும். கதவைத் தட்டுவார்கள். எட்டு நிமிடம்.
ஊரைக் கூட்டுவதுபோல் கத்துவான் ஒருவன்.
வால்டருக்குக் காது நன்றாகவே கேட்கும்.
ஒருத்தி முழங்காலைத் தட்டிக்கொடுத்து 'ஸ்வீட்டி' என்பாள்.
போன வாரம் ஒரு பையன், பாவம், வியர்த்துப்போய்,
மகள் வந்திருந்தால் அவரிடமே பேசிக்கொள்கிறேன் என்றான்.
எனக்குக் கோபம் வருவதில்லை.
இருபத்தேழு வருடம் நகரப் பேருந்துகளுக்கு மெக்கானிக்.
எஞ்சினின் நடுக்கத்தை, பானெட்டைத் திறக்குமுன்பே,
பாதம் வழியாகக் கேட்க
எனக்கே ஐந்து குளிர்காலம் பிடித்தது.

இன்று ரோவெனா டிசோன் வந்தாள்.
ஸ்டூலைத் தாழ்த்தினாள், தன் கண்
என் கண்ணுக்குச் சற்றுக் கீழே வரும்வரை.
விழுந்ததைக் கேட்டாள். மறுபடி கேட்டாள்.
புட்டிகளை ஒவ்வொன்றாய் மேசையில் நிறுத்தி
இரண்டை மட்டும் தள்ளிவைத்தாள்.
பிறகு பேசவில்லை.
எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது.
வரியைச் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'எவ்வளவு நாளாக?'

மடியில் கிடந்தது கை.
கட்டைவிரல் ஆட்காட்டி விரலோடு உரசி
இல்லாத மாத்திரையொன்றை உருட்டிக்கொண்டிருந்தது.
வால்டருக்கு முழங்கால் உண்டு, ரத்த அழுத்தம் உண்டு, துக்கம் உண்டு.
கை கிடையாது.
'குளிர்' என்றேன்.
அறையில் இருபத்திரண்டு டிகிரி.

மூலையில் டாக்டர் ஹெட்லி தொண்டையைச் செருமினார்:
'தாளில் இருப்பதை மட்டும், மிஸ் டிசோன்.'
மணி அடித்துவிட்டது. அவள் கதவுவரை போய்த் திரும்பி
'உங்கள் நிஜப் பெயரில் ஒரு டாக்டரைப் பாருங்கள்' என்றாள்.

எழுந்து நிற்கவைத்து ரத்த அழுத்தம் பார்க்க மறந்திருந்தாள்.
விதி விதிதான். பூஜ்யத்தை வட்டமிட்டேன்.
அதற்குக் கீழே, நோயாளியின் கருத்து: ஒரு வரி இடம்.
கூர்ந்து பார்க்கிறார் என்று பெரிதாகத் தொடங்கியது
முடியும்போது எறும்பாகியிருந்தது.
காலையிலிருந்து எழுதிய ஆறு தாள்களைப் புரட்டினேன்.
ஆறிலும் எறும்புகள்.

மணி. கதவு.
உயரமான பையன், கசங்கிய காலர்.
'இன்றைக்கு என்ன விஷயமாக வந்தீர்கள், மிஸ்டர் கொவாலுக்?'
முதல் பக்கம், முதல் வரி:
'எனக்கு ஒன்றுமில்லை டாக்டர். மகள்தான் பிடிவாதமாய் அனுப்பினாள்.'

கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
அவன் சத்தமாகப் பேசத் தொடங்கினான்.