ஆறு நாற்பதுக்குப் பிறகு

சிம்மக்கல்லில், பரோட்டாக் கடைக்கு மேல்மாடி.
வாடகை ஒன்பதாயிரம்.
இரண்டு கேமரா, நான்கு விளக்கு,
ஒரு கண்ணாடிப் பலகை,
மூன்று ஹார்ட் டிஸ்க். அதில் ஒன்று
போன சித்திரையில் பேச்சை நிறுத்திவிட்டது.

ஒப்பந்தத்தில் நான் எழுதிக் கொடுத்தது
பதினோராயிரத்து நானூறு பக்கம்.
எழுதும்போது கரண்ட் போவதில்லை,
கரையான் தின்பதில்லை, யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை.
எக்செல் கட்டங்களுக்குள் எப்போதும் நல்ல நாள்.

புத்தகங்கள் இரவலாக வந்தன.
விளாச்சேரியிலிருந்து ஒரு பெட்டி,
மேலூர் அரிசி மில்லிலிருந்து ஏழு சாக்கு.
பஞ்சக் கும்மி, ரயில் விபத்துச் சிந்து,
மாட்டு வைத்தியம்,
ஒரு கொலை வழக்கின் முழு விவரம், விலை காலணா.
தொண்ணூறு நாளில் திருப்பித் தருவதாகக் கையெழுத்து.

ஆசிரியர் என்ற கட்டத்தில்
அறியப்படவில்லை என்று ஜெசிந்தா அடிக்க,
தெரியவில்லை என்று மாயழகு அடிக்க,
ஒரு வாரம் அதற்கே சண்டை.
தேடும்போது ரெண்டு ஆளாயிருவாங்க என்றாள் அவள்.
ஏற்கெனவே யாருமில்லாத ஆளுதானே என்றான் அவன்.

பிறகு வந்தது மங்கல்.
இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில்
எழுத்தின் மேல் அதே எழுத்தின் நிழல்.
பெங்களூரிலிருந்து மின்னஞ்சல்:
இயக்குபவரின் கை நடுங்குகிறது, ஆளை மாற்றவும்.

மாயழகு ஒரு டம்ளர் தண்ணீரை
விளிம்பு வரை ஊற்றிப்
புறங்கையில் வைத்துக்கொண்டு நின்றான்.
சிந்தவில்லை.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
ஆவன செய்கிறேன் என்று
அதற்குள் பதில் அனுப்பியிருந்தேன்.

அன்றிரவு கோப்புகளை நேரப்படி அடுக்கினேன்.
மங்கியதில் ஒன்றுகூடக் காலையில் எடுத்ததில்லை.
எல்லாம் ஆறு நாற்பதுக்குப் பிறகு.
செவ்வாய்க்கிழமைகளில் ஒன்றுமே இல்லை.
செவ்வாய், கீழே கடைக்கு விடுமுறை.

மறுநாள் கல்லடுப்புப் பக்கம் போய் நின்றேன்.
காஜாமைதீன் மாஸ்டர் இரண்டு கையிலும் தகடெடுத்து
இறங்கினார்:
டக்கடி டகடக டக்கடி டக்.
சுவர் வாங்கிப் படிக்குக் கொடுத்தது,
படி வாங்கித் தூணுக்குக் கொடுத்தது,
தூண் அதைக் கேமராக் காலில் கொண்டுபோய் இறக்கியது.

அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.
கொத்தாம எப்படிங்க,
முட்டை வீச்சுன்னா சத்தம் வராது,
ஆனா வர்றவன் கேக்குறது கொத்துல்ல.

நாங்கள்தான் காலை ஐந்து மணிக்கு மாறினோம்.
ஜெசிந்தாவின் கணவருக்கு அது பிடிக்கவில்லை.
மாயழகு இரண்டு நாள் வரவில்லை,
மூன்றாம் நாள் வந்தான்.
அந்த டம்ளரைப் பற்றி
அவனும் பேசவில்லை, நானும்.

மறுபடி எடுத்தது நூற்று எழுபத்தொன்பது.
மீதி முப்பத்து மூன்று பக்கம்
அதற்குள் மேலூர் போய்ச் சேர்ந்துவிட்டது.
மில்லை விற்றார்கள், சாக்குகளும் கூடவே போயின.
நீக்கிவிடுங்கள் என்றது பெங்களூர்.
எண்ணிக்கை உதைக்கும் என்றேன்.
அது பாதி உண்மை.

விபத்துச் சிந்து, பதினான்காம் பக்கம்.
கண்ணைச் சுருக்கினால் மூன்று வரி கிடைக்கிறது.
நாலாவது வரியில் ரயில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

குறிப்பு என்ற கட்டம்,
இருநூறு எழுத்துக்குள் அடங்க வேண்டும்.
அடித்தேன்:
படம் எடுத்தபோது கீழே கொத்துப் பரோட்டா.
கை நடுக்கம் அல்ல.